டெஸ்டர் பதில்கள்: வயிற்றில் மூளை வைத்த கையாள்

போன இதழில் ஒரு வாசகர், "விண்வெளி நிலையத்தில் ரிப்பேர் வேலைக்கு ரோபோ உண்டா?" என்று கேட்டிருந்தார். "இருந்தது, கடைசியில் அதுவே ரிப்பேராகி ஊர் திரும்பியது" என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த தபாலில் மேஜை டிராயர் மூட மாட்டேன் என்கிறது. எனவே மிக்ஸி, இன்வெர்ட்டர், போர் மோட்டார் எல்லாம் இந்த முறை காத்திருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் முப்பத்தொரு வருஷம் கோவைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ராக்கெட்டைக் கிட்டத்தில் பார்த்தது கிடையாது. மெஷினோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி: விண்வெளிக்குப் போன முதல் மனித உருவ ரோபோ எது ஐயா? அங்கே போய் என்ன வேலை பார்த்தது?
- 9ஆம் வகுப்பு மாணவி, திருச்செங்கோடு

ரோபோநாட் 2, கண்ணு. செல்லமாக ஆர்2. நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியும் 2007இல் கூட்டுச் சேர்ந்து, ஹூஸ்டனில் இருக்கும் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவாக்கியது. கார் கம்பெனிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாய். தொழிலாளிக்குப் பக்கத்திலேயே நின்று, அவரை இடித்துத் தள்ளாமல் வேலை செய்யும் ரோபோ அவர்களுக்கும் தேவைப்பட்டது.

2011 பிப்ரவரி 24 அன்று டிஸ்கவரி விண்ஓடத்தில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. டிஸ்கவரிக்கு அதுதான் கடைசிப் பயணம். இடுப்புக்கு மேல் மட்டும்தான் உடம்பு, கால் கிடையாது. உயரம் ஒரு மீட்டர் அளவு, எடை சுமார் 150 கிலோ. தலையில் தங்க நிறத் தலைக்கவசம். அதன் முகப்புக்குப் பின்னால் நாலு கேமரா, வாய் இருக்க வேண்டிய இடத்தில் தூரத்தை அளக்க ஒரு அகச்சிவப்புக் கேமரா. இத்தனையையும் வைத்த பிறகு தலையில் இடமில்லாமல் போய், கம்ப்யூட்டரை வயிற்றுக்குள் வைத்துவிட்டார்கள். சோறு போட்டால்தான் மூளை வேலை செய்யும் என்று உன் பாட்டி சொல்லியிருப்பாரே, அந்த மாதிரி.

போய் இறங்கியதும் வேலையைத் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே. நுரைப் பஞ்சு வைத்து அடைத்த பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நிலையத்தில் இருந்தவர்களோடு போனில் பேசிய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவே, அவ்வளவு தூரம் வந்தவனை இன்னுமா பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேலி செய்தார். மார்ச் 15ஆம் தேதி அங்கிருந்த விண்வெளி வீரர்கள் கேடி கோல்மனும் பாவ்லோ நெஸ்போலியும் பெட்டியைப் பிரித்தார்கள். கரண்டு கொடுத்தது ஆகஸ்ட் 22. கை அசைந்தது அக்டோபரில். 2012 பிப்ரவரி 15 அன்று நிலையத்தின் கமாண்டர் டான் பர்பேங்கோடு கை குலுக்கியது. அப்புறம் செவித்திறன் இல்லாதவர்கள் பேசும் அமெரிக்கச் சைகை மொழியில், "ஹலோ வேர்ல்டு" என்று விரலால் சொன்னது. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் முதல் புரோகிராமில் எழுதுவது அந்த வார்த்தையைத்தான்.

வேலை என்று பார்த்தால், சுவிட்சு போடுவது, பட்டன் அழுத்துவது, கைப்பிடிக் கம்பிகளைத் துடைப்பது. இதற்கா இவ்வளவு செலவு என்று முகத்தைச் சுளிக்காதே. எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

நிலையத்துக்குள் எடை என்பது தெரியாது. அதனால் சூடான காற்று மேலே போய், குளிர்ந்த காற்று கீழே வருவதும் கிடையாது. தூங்குகிறவர் விடும் மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே நின்றுவிடும். விட்ட காற்றையே திரும்ப இழுத்தால் தலைவலிதான். ஆகவே ஃபேன் வைத்து எல்லா மூலையிலும் காற்றை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காற்றுத் துவாரங்களில் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி மீட்டர் பிடித்துப் பார்க்க வேண்டும். மனிதர் பிடித்தால் உடம்பு மிதந்து நகரும், கை ஆடும், போதாக்குறைக்கு அவர் விடும் மூச்சே அளவைக் கெடுக்கும். ஆர்2 மூச்சு விடாது. மீட்டரை நீட்டிப் பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும். மூச்சு விடாத ஒருவன்தான் அந்த வேலைக்குச் சரியான ஆள்.

கேள்வி: நான் முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். தைப்பது மெஷின் என்றாலும், துணியைப் பிடித்துத் திருப்புவது என் கைதான். ரோபோவின் கைக்கு அந்தப் பக்குவம் வருமா?
- தையற்காரம்மா, சிவகாசி

அம்மா, இத்தனை தபாலில் தொழில் தெரிந்த கேள்வி உங்களுடையது. முகமும் பேச்சும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. உதவி ஆளுக்குக் கைதான் மூலதனம்.

ஒரு காரியம் செய்யுங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மாவு பிசைவதுபோல மடக்கி நீட்டுங்கள். முன்கையில் சதை நெளிவது தெரிகிறதா? விரலை மடக்குகிற பலம் விரலில் இல்லை, அங்கே இருக்கிறது. விரலுக்கு வருவது தசைநாண் என்ற கயிறு மட்டும்தான். ஆர்2வின் கையையும் இப்படியேதான் செய்தார்கள். விரலை இழுக்கும் மோட்டார் எல்லாம் முன்கைக்குள். அங்கிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் போல விரலுக்குக் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிறு வெக்ட்ரான் என்ற செயற்கை இழையைப் பின்னிச் செய்தது. மில்லில் காலம் தள்ளியவனுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. விண்வெளி ரோபோவின் விரலை ஆட்டுவதும் முறுக்கிப் பின்னிய நூல்தானே!

கட்டை விரலுக்கு நாலு வித அசைவு, ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் மும்மூன்று, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒவ்வொன்று. ஆக ஒரு கைக்குப் பன்னிரண்டு. நீங்கள் துணி பிடிக்கும்போது கவனித்துப் பாருங்கள், கட்டை விரலும் அடுத்த இரண்டும்தான் சாமர்த்தியம் காட்டும், கடைசி இரண்டும் சும்மா அணைத்துப் பிடித்திருக்கும். அந்தக் கணக்கிலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஏழு அசைவு. இரண்டு கையையும் கூட்டி, கழுத்துக்கு மூன்று, இடுப்புக்கு ஒன்று சேர்த்தால் 42. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உணரிகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. யார் மேலாவது கை இடித்தால் நின்றுவிடும். மேலே மெத்தை வைத்துத் துணியும் போர்த்தியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சுவிட்சு, கைப்பிடி, ஸ்க்ரூ டிரைவர் இதெல்லாம் ரோபோவுக்குச் சுலபம். வைத்த இடத்தில், வைத்த வடிவத்தில் இருக்கும். துணிக்கு வடிவம் ஏது? தொட்டால் மடிகிறது, இழுத்தால் நெளிகிறது, ஒரு தடவை இருந்த மாதிரி அடுத்த தடவை இருப்பதில்லை. விண்கலங்களுக்கு வெளியே வெயிலும் குளிரும் தாக்காமல் அடுக்கடுக்காகப் போர்வை சுற்றியிருப்பார்கள். அதை விலக்கிவிட்டு உள்ளே வேலை பார்ப்பது இன்றைக்கும் எந்த ரோபோவுக்கும் சிரமம்தான். உங்கள் தொழிலுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை அம்மா, தைரியமாக மிதியுங்கள்.

கேள்வி: விண்வெளி ரோபோவுக்குச் சம்பளம் உண்டா?
- டீக்கடை உரிமையாளர், பல்லடம்

கரண்டு பில் மட்டும்தான். அதையும் சூரியனே கட்டிவிடுகிறது.

கேள்வி: வேலைக்கு வேண்டியது கைதானே? கிரேன் மாதிரி ஒன்றை வைத்துவிட்டுப் போகாமல், மனுஷன் மாதிரியே செய்ய வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்?
- லாரி மெக்கானிக், நாமக்கல்

கிரேனும் இருக்கிறது தம்பி. கனடா கொடுத்த கனடார்ம் 2 என்ற கை 17.6 மீட்டர் நீளம். 2008இல் டெக்ஸ்டர் என்று இரண்டு கை கொண்ட இன்னொன்றையும் அனுப்பினார்கள். அதற்குத் தலையும் கிடையாது, முகமும் கிடையாது. நிலையத்துக்கு வெளியே பழுதான கரண்டுப் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவது அதுதான். மனித உருவம் எடுத்த அத்தனை பேரையும்விட அது பார்த்திருக்கும் வேலை அதிகம். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் நேர்மையான எலக்ட்ரீஷியன் இல்லை.

ஆனால் உன் பட்டறையையே எடுத்துக்கொள். 17ஆம் நம்பர் ஸ்பானர், ஜாக்கியின் கைப்பிடி, கேபினுக்கு ஏறும் படி எல்லாம் ஒரு மனுஷன் கைக்கும் காலுக்கும் அளவெடுத்துச் செய்ததுதானே? நாளைக்கு உனக்கு ஒரு உதவி ஆள் வேண்டும் என்றால், கை இருக்கிற ஆளாகப் பார்ப்பாயா, ஆளுக்கு ஏற்றபடி பட்டறையையே இடித்துக் கட்டுவாயா? விண்வெளி நிலையமும் அப்படித்தான். கைப்பிடிக் கம்பி, கருவிகள், சுவிட்சு, மூடி எல்லாம் மனிதரின் அளவுக்கு. டெக்ஸ்டர் போன்ற கைகளுக்கு, அவை வந்து பிடிப்பதற்கென்றே தனிப் பிடி வைத்த சாமான்தான் தோது. மனித விரல் இருந்தால் ஏற்கெனவே இருக்கும் ஸ்பானரையே எடுத்துக்கொடுத்து வேலை வாங்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

உண்மையான ஆசை, ஆர்2வை வெளியே அனுப்பி வேலை வாங்குவது. நிலையத்துக்கு வெளியே போவது லேசான காரியமில்லை. உடுப்பு மாட்டி, ரத்தத்திலிருக்கும் நைட்ரஜன் வெளியேறும்வரை சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக் காத்திருந்து, அப்புறம் வெளியே ஆறேழு மணி நேரம் உழைக்க வேண்டும். உடுப்புக்குள் காற்று அடைத்திருப்பதால் கையுறை ஊதின பலூன் மாதிரி விறைத்து நிற்கும். ஒவ்வொரு தடவை விரலை மடக்கும்போதும் அந்தக் காற்றோடு சண்டை. நகம் கழன்று போனவர்களே இருக்கிறார்கள். 2013 ஜூலை 16 அன்று வெளியே இருந்த இத்தாலிக்காரர் லூகா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் கசிந்து, மூக்கு, காது, கண் வரை சூழ்ந்துவிட்டது. எடை இல்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது, முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணும் சரியாகத் தெரியாமல், கயிற்றைத் தடவித் தடவி உள்ளே வந்து சேர்ந்தார்.

அந்த மாதிரி இடத்துக்கு மூக்கில்லாத ஒருவனை முதலில் அனுப்பினால் தேவலை என்று தோன்றாதா? ஆனால் ஆர்2 ஒரு நாளும் வெளியே போகவில்லை. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ஆர்2 ரோபோ ரிப்பேராகித் திரும்பியது என்று எழுதினீர்கள். என்ன ரிப்பேர்? மேலேயே சரி செய்திருக்க முடியாதா?
- ஐ.டி.ஐ. மாணவர், எலக்ட்ரீஷியன் பிரிவு, திண்டுக்கல்

உட்கார் தம்பி, இது நம்ம தொழில் விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்று வருஷம் இடுப்போடு நின்ற ஆர்2வுக்கு 2014 ஏப்ரலில் கால் போனது. நம் கால் மாதிரி இல்லை. ஒவ்வொன்றிலும் ஏழு மூட்டு, விரித்தால் முனைக்கு முனை ஒன்பது அடி. நுனியில் பாதம் கிடையாது, கைப்பிடிக் கம்பியைக் கவ்வும் பிடிதான். தரை என்று ஒன்று இல்லாத இடத்தில் பாதம் எதற்கு? குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிற மாதிரி கம்பிக்குக் கம்பி பிடித்துப் போக வேண்டும். ஸ்டீவ் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் அந்த ஆகஸ்டில் உட்கார்ந்து காலை மாட்டினார். கூடவே உள்ளே கம்ப்யூட்டர், ஒயர் என்று பலதையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்படிப் பிரித்துக் கோர்ப்பதற்கென்று வடிவமைத்த மெஷின் இல்லை அது. கீழே வொர்க்ஷாப்பில் மேஜை மேல் கிடத்திச் செய்ய வேண்டியதை, ஸ்க்ரூ கூட மிதந்து போகிற இடத்தில் செய்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது வினை. சில சமயம் உயிர் வரும், சில சமயம் வராது. ஒரு நாள் ஒரு போர்டு, இன்னொரு நாள் வேறொன்று. பூமியிலிருந்து எஞ்சினியர்கள் சொல்லச் சொல்ல மேலே இருந்தவர்கள் நோண்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு வேலை காத்திருக்கிறது. உதவி ஆளுக்கே உதவி செய்துகொண்டிருந்தால் எப்படி?

கடைசியில் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? கரண்டு திரும்பிப் போக வேண்டிய ஒரு ஒயர் இல்லை. போகிற ஒயர் இருந்தது, ரிட்டர்ன் இல்லை.

"அப்படியானால் வேலையே செய்யக்கூடாதே" என்பாய். அங்கேதான் சூட்சுமம். கரண்டுக்கு வழி அடைத்தால் அது சும்மா இருக்காது. வேறு சந்து பொந்து தேடிப் போகும். சிக்னலுக்காகப் போட்ட மெல்லிய ஒயர், போர்டின் ஓரம் என்று கிடைத்த வழியில் எல்லாம் திரும்பியது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டும் இருந்தது.

இதை முதன்முதலாகப் படித்தபோது நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே வியாதியை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மில்லில் ஒரு மெஷினை ஓவர்ஹால் செய்து, திரும்பக் கோர்த்து ஓட்டிவிட்டோம். பத்து நாளில் கன்ட்ரோல் கார்டு போனது. புதுக் கார்டு போட்டோம். இரண்டு வாரத்தில் அதுவும் போனது. மூன்றாவது கார்டு போனபோது மெயின்டெனன்ஸ் சூபர்வைசர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கார்டு விற்றவனைத் திட்டினோம். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் போட்டோம். யாரோ ஒருவர் மெஷினுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்.

ஒரு நைட் ஷிஃப்டில் மெஷினை நிறுத்தி, சப்ளையை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 24 வோல்ட் சப்ளையின் ஜீரோ ஒயர், அதாவது ரிட்டர்ன், டெர்மினலில் இல்லை. ஒயர்கள் ஓடும் டிரங்குக்குள் மடங்கி, நுனியில் சுற்றிய டேப்போடு சமர்த்தாகப் படுத்திருந்தது. அப்படியானால் இத்தனை நாள் கரண்டு எப்படித் திரும்பியது? சென்ஸர் கேபிளுக்கு மேலே இரைச்சல் வராமல் இருக்கச் சுற்றியிருக்கும் கம்பி வலை இருக்கிறதே, அது வழியாக! அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. ஜீரோ ஒயரை மாட்டி, நாலாவது கார்டைப் போட்டேன். நான் ரிடையர் ஆகிற வரை அந்தக் கார்டு இருந்தது. ஓவர்ஹாலில் அந்த ஒயருக்கு டேப் சுற்றிவிட்டு மாட்ட மறந்தது யார் என்று கேட்காதே. டேப் சுற்றியிருந்த விதம் என் கைவரிசை.

வீட்டில் நியூட்ரல் கழன்றால் பல்பு பளீரென்று எரிந்து டி.வி. புகைகிறதே, அதுவும் இதுவும் ஒன்றல்ல, பரீட்சையில் குழப்பிக்கொள்ளாதே. அங்கே ஒரு பேஸ் லைனின் வோல்டேஜ் இன்னொன்றின் தலையில் ஏறுகிறது. இங்கே வோல்டேஜ் சரியாகவே இருக்கும், திரும்பும் பாதைதான் தப்பு. மீட்டரை வைத்து "24 வருகிறது, சரி" என்று போய்விட்டால் பிடிபடாது. கிளாம்ப் மீட்டரில் போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் தனித்தனியாகப் பார். இரண்டும் ஒன்றாக இல்லையா, திருடன் வேறு வழியில் போகிறான்.

ஆர்2வை மேலே வைத்தே சரி செய்வது கட்டுப்படியாகவில்லை. 2018 மே மாதம் டிராகன் விண்கலத்தில் வைத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கு மேல் மேலே இருந்தது. அதன் கையிலிருந்து கிடைத்த பாடத்தை வைத்து, மனிதர் மாட்டிக்கொண்டால் பிடிக்குப் பலம் கொடுக்கும் கையுறை ஒன்றை நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் செய்தன. நாள் முழுக்க ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு அது வரம்.

கேள்வி: ரஷ்யா இரண்டு கையாலும் துப்பாக்கி சுடும் ரோபோவை விண்வெளிக்கு அனுப்பியதாமே, நிஜமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ரோபோ நிஜம், துப்பாக்கி மேலே போகவில்லை ஐயா. ஃபியோதர் என்று பெயர். 2017இல் அது இரண்டு கையிலும் பிஸ்டல் பிடித்துச் சுடும் வீடியோ வந்து ஊரெல்லாம் பயந்தது. விண்வெளிக்குப் போகும்போது ஸ்கைபாட் எஃப்-850 என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 1.8 மீட்டர் உயரம், 160 கிலோ. 2019 ஆகஸ்ட் 22 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் கலத்தில், கமாண்டர் உட்காரும் இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்து, கையில் சின்னக் கொடியோடு போனது. கிளம்பும்போது, விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் 1961இல் சொன்ன அதே "கிளம்பலாம்" என்ற வார்த்தையைச் சொல்ல வைத்தார்கள்.

24ஆம் தேதி நிலையத்தோடு கலம் இணைய முடியவில்லை. பழி ரோபோ மேல் இல்லை, நிலையத்தின் பக்கம் இருந்த சிக்னல் கருவியில் கோளாறு. மூன்று வீரர்கள் இன்னொரு சோயுஸில் ஏறி, அதை வேறு வாசலுக்கு நகர்த்தி நிறுத்தி இடம் விட்டார்கள். 27ஆம் தேதி உள்ளே வந்தார் விருந்தாளி. செப்டம்பர் 7ஆம் தேதி திரும்பிவிட்டார். உதவிக்கு வந்தவருக்காக மூன்று பேர் வண்டியை எடுத்து மறுபடி பார்க்கிங் போட வேண்டியிருந்தது! செய்தவர்களே பின்னால், அதற்கு அங்கே இனி வேலையில்லை, மறுபடி அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடக்கிற காலை எடையில்லாத இடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: நம் இஸ்ரோ செய்த வியோமித்ராவுக்குத் தமிழ் தெரியுமா? உதவி ஆள் என்றதும் ஏன் பெண் உருவம்?
- ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்

இரண்டாவது கேள்வியில் ஊசி இருக்கிறது அம்மா, நர்ஸ் அல்லவா! ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் உதவி என்றாலே பெண்ணைத் தேடுகிற வழக்கம்தான் அங்கேயும் நுழைந்திருக்கும் என்பது என் சந்தேகம். இன்னொரு பக்கம், நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் பயணத்துக்கு இஸ்ரோ அறிவித்த நாலு வீரர்களும் ஆண்கள். அந்தக் கலத்தின் ஆளில்லாச் சோதனைப் பயணத்துக்குத் தயாராவது பெண் உருவம். பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். இந்தியும் ஆங்கிலமும் பேசும் என்றுதான் 2020 ஜனவரி 22 அன்று பெங்களூரில் அறிமுகம் செய்தார்கள். பிறந்த வீடு திருவனந்தபுரம், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மலையாளமாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். தமிழ்நாட்டுக்கும் இந்தப் பயணத்தில் நேரடிப் பங்கு உண்டு. ககன்யான் ராக்கெட்டின் எஞ்சின்களை எரித்துப் பரிசோதிப்பது திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். நாலு வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

வியோமித்ராவும் அரை உருவம்தான், கால் இல்லை. இருக்கையில் கட்டி உட்கார வைத்துவிடுவார்கள். சுவிட்சுப் பலகையை இயக்குவது, கேபினில் காற்றும் அழுத்தமும் சரியாக இருக்கிறதா என்று கவனித்து எச்சரிப்பது, இதுதான் அதன் வேலை. ஆர்2வைப் போல ஊழியம் செய்யப் போகிறவர் இல்லை. மனிதர் உட்காரும் முன்னால் அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கப் போகிறவர். மண்டை ஓட்டை அலுமினியக் கலவையில் முப்பரிமாண அச்சில் செய்திருக்கிறார்கள், எடை 800 கிராம். ராக்கெட் கிளம்பும்போது வரும் உதறலில் அது கலகலக்காமல் நிற்க வேண்டும்.

கேள்வி: விண்வெளியில் தனியாக இருப்பவர்களுக்குப் பேச்சுத் துணைக்கு ரோபோ உண்டா தாத்தா?
- 4ஆம் வகுப்பு மாணவன், ஈரோடு

உண்டு சாமி. ஜப்பான்காரர்கள் 2013இல் கிரோபோ என்ற குட்டி ரோபோவை அனுப்பினார்கள். 34 சென்டிமீட்டர் உயரம், உன் பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். எடை ஒரு கிலோ. கொய்ச்சி வகாட்டா என்ற விண்வெளி வீரரோடு ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தது. 2015இல் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

அப்புறம் ஜெர்மனியிலிருந்து சைமன் என்று ஒன்று போனது, பந்து மாதிரி உருண்டை, திரையில் முகம். 2018இல் அலெக்ஸாண்டர் கெர்ஸ்ட் என்பவர் அதனிடம் ஒரு பாட்டுப் போடச் சொன்னார். போட்டது சரி, நிறுத்தச் சொன்னால் பாட்டை விட்டு வர மாட்டேன் என்றது. அப்புறம், என்னிடம் இப்படிக் கடுமையாக நடந்துகொள்ளாதீர்கள் என்று முறைத்துக்கொண்டது. உன் தங்கச்சி மாதிரி.

கேள்வி: நிலாவிலும் செவ்வாயிலும் ரோபோவை நிறுத்திவிட்டுப் பூமியில் உட்கார்ந்தே ரிமோட்டில் இயக்கினால் ஆயிற்று. மனிதர் எதற்குப் போக வேண்டும்?
- போட்டோ ஸ்டுடியோக்காரர், தஞ்சாவூர்

நிலாவுக்கு சிக்னல் போய்ச் சேர 1.3 விநாடி, திரும்பி வர இன்னொரு 1.3. நீங்கள் டம்ளரில் டீ ஊற்றுகிறீர்கள், ஆனால் ஊற்றியது கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்துவிட்டது என்று நீங்கள் நிமிர்த்துவதற்குள் மேஜை நனைந்திருக்கும். செவ்வாய்க்கு இந்தத் தாமதம், அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து, போக மட்டும் 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை. டீ ஆறியே போய்விடும்.

இதற்கு ஜெர்மன்காரர்கள் நல்ல வழி ஒன்றைச் சோதித்தார்கள். மியூனிக் பக்கம் ஓபர்ப்ஃபாஃபன்ஹோஃபனில் ஜஸ்டின் என்று ஒரு ரோபோ, இடுப்புக்குக் கீழே சக்கரம் வைத்தது. 2017லும் 2018லும் விண்வெளி நிலையத்திலிருந்தவர்கள் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கீழே இருந்த ஜஸ்டினை வேலை வாங்கினார்கள். விரலுக்கு விரல் இயக்கவில்லை. "அந்தச் சோலார் பேனலைத் துடை" என்று சொன்னால் போதும், எப்படிக் கையை நீட்டுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். நாளைக்குச் செவ்வாயைச் சுற்றும் கலத்தில் மனிதர் இருந்துகொண்டு, தரையில் இருக்கும் ரோபோவை இப்படி ஏவலாம் என்பது திட்டம். ஃபோர்மேன் மேலே, கையாள் கீழே. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நல்ல ஹெல்பரிடம் ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பு என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இடம் தீர்ந்துவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதாக எழுதிய கரூர் வாசகர் மன்னிக்கவும், அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்குத்தான். அதுவரை குழாய்த் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.